பீச் பக்கம், செங்கல்பட்டு பக்கம்

1

இந்தக் கார்த்திகையோடு என் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷம் முடிகிறது என்று மகன் செல்வம் சொன்னான். கிழக்குத் தாம்பரம் சேலையூரை விட்டு, கனடாவில் கால்கரி என்கிற இந்தக் குளிர் ஊருக்கு நான் வந்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான்.

பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் மூக்குத்தியோடு, யாரையும் சட்டை செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் கீழே, மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில், என் பெருவிரல் ரேகை. ஒரு கறுப்பு மைத் தீற்றல்.

எனக்கு அதில் வெட்கமே இல்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். வேளச்சேரி சாலையில் எங்களுக்குச் செங்கல், ஜல்லி, மணல் கடை இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அதைத் தனியாக நடத்தியவள் நான். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி, வரும் சத்தத்தை வைத்தே நன்றாக வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். லாரிக்காரர்கள் என்னிடம் பொய் சொல்ல யோசிப்பார்கள். எண்கள் தெரியும். எழுத்துதான் வராது. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டேன். ரிஜிஸ்டர் ஆபீசில் ரேகை வைக்கும் நாளெல்லாம், யாரும் பார்க்காதபோது விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வேன். வெட்கமில்லாதவள் ஏன் யாரும் பார்க்காதபோது துடைக்க வேண்டும்?

"ரேகையே வச்சுடும்மா," என்றான் செல்வம். "பழசுல அப்படித்தான இருக்கு. இப்ப மாத்தினா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. எதுக்கு பேஜாரு?"

"பாக்கலாம்டா," என்றேன்.

நான் நாலு மாதமாக எழுதப் படித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. புதுப் பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பப் பாரத்தில் என் பெயரை என் கையால் எழுதிக் காட்டுவது, அதன் பிறகு சொல்லிக்கொள்வது என்று வைத்திருந்தேன்.

தாம்பரத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் பெரும்பகுதி நான் சொல்லச் சொல்லச் செல்வம் தட்டியது. திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். இருந்தும் திருத்தியிருப்பான்.

2

படிப்பை எனக்குக் காட்டியவள் மல்லிகா. எங்கள் கடையில் செங்கல் ஏற்றி இறக்கியவள். என்னைவிட இளையவள். ஆற்றோரம் இருந்த அவர்கள் வீடுகளை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். அவளுக்கும் எழுத்து வராது. அதனால் எங்கள் கடிதப் போக்குவரத்தெல்லாம் வாட்ஸப்பில் குரலாகத்தான்.

ஒருநாள், "அக்கா, ஒரு பாட்காஸ்ட் அனுப்பிக்கிறேன், கேட்டுப் பாரு" என்றாள். என் காதில் அது 'பாட்டு கேசட்' என்று விழுந்தது. திறந்தால் ஓர் அம்மாள் பேசிக்கொண்டே இருக்கிறார்.

"இன்னாடி இது, பாட்டே வரல?"

"பாட்டு இல்லக்கா, பாடம். படிக்காதவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்குது அந்த டீச்சரு. காதுல மாட்டிகினு, வேலை பாத்துகினே கேக்கலாம்."

"எழுத்தைக் கண்ணால பாக்காம காதால எப்படிடி கத்துக்கிறது?"

"செங்கல்லையே காதால பாத்தவதான நீ. கேளு."

அந்த டீச்சரை இங்கே ஸ்டெல்லா டீச்சர் என்று சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகு இரும்புலியூரில் ஒரு சர்ச் கூடத்தில் எழுத்து தெரியாத பெண்களுக்கு வகுப்பு வைத்திருக்கிறார். பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பஸ். வேலை, பிள்ளை, தண்ணீர் லாரி என்று ஒவ்வொருவராக வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். அப்புறம் போனில் வீடியோவாகப் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு போன், அன்றைய டேட்டா பாதிப் பாடத்திலேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார்:

"அதனால இனிமே குரல் மட்டும்தான். ஒரு தடவை இறக்கி வெச்சுக்கிட்டீங்கன்னா நெட் இல்லாமயும் கேக்கலாம். எனக்கும் செலவு இல்ல, உங்களுக்கும் இல்ல. ஒரு பாடம், சோறு வேகுற நேரம். புரியலன்னா திருப்பிப் போடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

இந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்தது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பொறுமையோடு சொல்கிற டீச்சரை நான் பார்த்ததில்லை.

வெளிச் சத்தம் விழாமல் இருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்வாராம். ஆனாலும் மின்சார ரயில் கூவுவது கேட்கும். குக்கர் விசில் அடிக்கும். ஒருமுறை, "கீரே" என்று தெருவில் யாரோ கூவிக்கொண்டு போனார்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிறுத்துவார். எனக்கோ அந்தக் கீரைக்காரி இன்னும் இரண்டு தரம் கூவினால் என்ன என்றிருக்கும். இங்கே தெருவில் யாரும் எதையும் கூவுவதில்லை. பனி விழுந்தால் கார் போகும் சத்தம்கூட அமுங்கிவிடும்.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே என் பேத்தி நிலா உட்கார்ந்திருப்பாள். பதிமூன்று வயது. அவள் காதிலும் ஒன்று மாட்டியிருக்கும். என்னைக் கண்டால் அவளுக்கு நாலு தமிழ் வார்த்தை வரும்: பாட்டி, சாப்பாடு, போதும், பை. இரண்டு பேரும் காதை அடைத்துக்கொண்டு இட்லி சாப்பிடுவோம். ஒருநாள் என்ன கேட்கிறாய் என்று ஜாடையில் கேட்டாள்.

"ஸ்கூல்," என்றேன்.

சிரித்துவிட்டு அவள் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டாள்.

3

எழுத்தைக் காதால் கற்பது இப்படித்தான். டீச்சர் பேசியதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

"இடது, வலதுன்னு சொன்னா நிறையப் பேருக்குக் குழப்பம் வருது. அதனால நாம எல்லாரும் தாம்பரம் ஸ்டேஷனைப் பாத்து நிக்கிறோம்னு வெச்சுக்குங்க. ரயில் ஒரு பக்கம் போனா பீச் ஸ்டேஷன். ஒரு பக்கம் செங்கல்பட்டு. எல்லா வரியும் பீச்ல கிளம்பும், செங்கல்பட்டு போய்ச் சேரும். இப்ப 'ட'. மேலேர்ந்து நேரா கீழ இறங்குங்க. இறங்கியாச்சா? அப்படியே செங்கல்பட்டு பக்கம் நடங்க. அவ்வளவுதான், அதுதான் ட."

நான் கண்ணை மூடி ஸ்டேஷனைப் பார்த்து நின்றேன். இறங்கினேன். நடந்தேன். கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஒரு 'ட' விழுந்தது.

'ப' என்றால் இறங்கி, செங்கல்பட்டு பக்கம் நடந்து, மேலே ஏறுவது. 'ம' என்றால் அதே மாதிரி போய், ஏறினதும் பீச் பக்கம் திரும்பி, உள்ளே வளைந்து இறங்குவது. தலையில் புள்ளி வைத்தால் குரல் குறுகும். பக்கத்தில் கால் போட்டால் நீளும்.

என் பெயர் பட்டம்மா. டீச்சர் சொல்லிக் கொடுத்த முதல் மூன்று எழுத்திலேயே என் பெயர் அடங்கிவிட்டது. அரிசி உலையில் கொதிக்கும்போதெல்லாம் எழுதினேன். எழுதிய தாளை மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வந்த காலண்டர் தொங்குகிறது. அதில் இருக்கும் 'ட' என்னுடையதைப் போல இல்லை என்று ஒருநாள் பார்த்தேன். கவலைப்படவில்லை. இங்கிலீஷில் புத்தகத்து எழுத்து ஒன்று, கையால் எழுதுவது வேறொன்று என்று நிலாவின் நோட்டில் பார்த்திருக்கிறேன். அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு என்று நாமும்தானே சொல்கிறோம். அதுதான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

4

பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு காலை, இட்லிச் சட்டி ஆவியில் சமையலறை ஜன்னல் முழுக்கப் புகை படிந்திருந்தது. வெளியே செல்வம் காரின் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தப் புகைக் கண்ணாடியைப் பார்த்ததும் விரல் சும்மா இருக்கவில்லை. பெரிதாக என் பெயரை எழுதினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். துடைப்பத்தைப் பனியிலேயே போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கிட்டே வந்தான். உதடு அசைவது தெரிந்தது. பட்டம்மா என்றுதான் படித்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான்.

"யாரும்மா எழுதினது?"

"இந்த வீட்ல பட்டம்மா எத்தனை பேருடா?"

அவன் கண் கலங்கியிருந்தது. கண்ணாடியைப் பார்த்தான். முகம் மாறியது. மறுபடி வெளியே போய்ப் பார்த்தான். திரும்ப வந்தான்.

"அம்மா, வெளிய இருந்து பாத்தா சரியா இருக்கு. உள்ள இருந்து பாத்தா திருப்பி இருக்கு."

"திருப்பின்னா?"

"எல்லா எழுத்தும் திரும்பியிருக்கு. வரிகூட அந்தக் கோடியிலேர்ந்து வருது. கண்ணாடில பாக்குற மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் சிரிப்பு சிரிப்புதான்.

கரித்துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். நாலு மாதம் ஒரே துடைப்பில் போய்விட்டது.

"விடும்மா. இத்தனை வயசுல இவ்வளவு எழுதினதே பெருசு. ஆபீஸ்ல ரேகையே வச்சுக்கலாம்."

நான் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

5

இரண்டு நாள் கழித்து மல்லிகாவின் குரல் வந்தது. சுரத்தில்லாத குரல்.

"அக்கா, நான் பாடம் கேக்கறத வுட்டுட்டேன். நான் எழுதினத பாத்துட்டு எம் பொண்ணு வுழுந்து வுழுந்து சிரிக்குது. ஆம்புலன்சு மூஞ்சில எழுதிக்கிறாங்களே, அந்த மாரி கீதாம். எங்க பிளாக்குல இன்னும் நாலஞ்சு பேரு வுட்டுட்டாங்க. நம்ம மண்டைல ஏறலக்கா, இன்னா பண்றது. கொடத்துல பேரு எழுதணும்னு பெயிண்டுகூட வாங்கிட்டேன். லாரித் தண்ணி புடிக்கிற எடத்துல எல்லாம் ஒரே நீலக் கொடம், தெனம் சண்டை. போவட்டும்."

கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி தப்பாக எழுதினால் அவள் தப்பு. கால்கரியில் இருக்கிறவளும் பெரும்பாக்கத்தில் இருக்கிறவளும் ஒரே மாதிரி தப்பாக எழுதினால்? ஒரு லோடு செங்கல் மொத்தமும் ஒரே பக்கம் கோணலாக இருந்தால் கோளாறு மண்ணில் இல்லை, அச்சில் என்று கடை வைத்தவளுக்குத் தெரியாதா?

போனை எடுத்தேன். "ஏண்டி, ஸ்டேஷனைப் பாத்து நில்லுன்னாங்களே டீச்சர். நீ எங்க நின்ன?"

உடனே பதில் வந்தது. "எங்க நிப்பாங்க? நம்ம பஸ்சு எறங்குற பக்கம்தான்."

அவள் பஸ் பெரும்பாக்கத்திலிருந்து வருவது கிழக்குத் தாம்பரத்துக்கு. நான் நின்றதும் அங்கேதான். பிறந்ததிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறேன். எழுந்து சமையலறை நடுவில் நின்றேன். எதிரே ஸ்டேஷன். பீச் எந்தக் கைப் பக்கம்? சோற்றுக்கைப் பக்கம். செல்வத்தைக் கூப்பிட்டு, பாடக் கதையெல்லாம் சொல்லி, டீச்சர் மேற்குத் தாம்பரம், ஸ்டேஷனைப் பார்த்து நின்றால் பீச் எந்தக் கை என்று கேட்டேன். அவனும் கையைத் தூக்கி வைத்து யோசித்தான்.

"அந்தப் பக்கம் நின்னா இடது கைம்மா." பிறகு அவனுக்கே புரிந்தது. "அடக் கடவுளே. அவங்க மேற்கால ஜி.எஸ்.டி. ரோட்ல நின்னு பாக்குறாங்க. நீ ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நின்னு பாத்திருக்க."

"யாருக்குடா பின்பக்கம்? எங்க பக்கத்துக்கு அதுதான் முன்பக்கம்."

டீச்சருக்குச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. சொன்னால், சேலையூர் கடைக்காரி பட்டம்மா எழுதத் தெரியாதவள், எழுதியதையும் திருப்பி எழுதினாள் என்று ஊரில் தெரியும். சொல்லாவிட்டால், மல்லிகாவின் பெயிண்டு டப்பாவிலேயே காயும். மூன்றாம் நாள் மல்லிகாவிடம் நம்பர் வாங்கிக் குரல் அனுப்பினேன். டீச்சர் உடனே கூப்பிட்டார்.

"பட்டம்மா, நான் தாம்பரத்துலயே பொறந்து வளந்தவ. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கமும் ஜனங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க." ஏதோ நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பெரும்பாக்கத்துல விட்டுப் போனவங்க பேருக்கு நேரா ஆர்வம் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கேன். மொதல்ல அதை அடிக்கணும்."

"டீச்சர், பீச்சு, செங்கல்பட்டெல்லாம் எதுக்கு? சோத்துக்கை, பீச்சாங்கைன்னு சொல்லிட்டாத் தீந்துது. யாருக்கும் தப்பாகாது."

"அது தெரியும்மா. அந்த வார்த்தையைப் பாடத்துல எப்படிச் சொல்றதுன்னுதான் ரயில் பக்கம் போனேன்."

"ஏன், உங்களுக்கு அந்தக் கை இல்லீங்களா?"

டீச்சர் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "எனக்கு வாய் வராது. நீங்களே சொல்லிடுங்களேன். பாடத்துல சேத்துடறேன்."

அன்று நானும் போர்வைக்குள் புகுந்தேன். செல்வம் போனைப் பிடித்துக்கொண்டான். நான் சொன்னது இதுதான்:

"நான் சேலையூர் பட்டம்மா பேசறேன். செங்கல் கடை பட்டம்மா. நாலு மாசமா எல்லாத்தையும் திருப்பி எழுதினேன். மண்டைல ஏறாததால இல்ல, நின்ன எடம் வேற. கிழக்கால நின்னு கேட்டவங்க எல்லாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். இனிமே ஸ்டேஷனை விடுங்க. வரி கிளம்புறது பீச்சாங்கைப் பக்கம், போய்ச் சேர்றது சோத்துக்கைப் பக்கம். பீச்சுன்னா பீச்சாங்கை. சிரிக்கிற பசங்க சிரிக்கட்டும். மல்லிகா, பெயிண்டை மூடி வெய்யி, காயப்போவுது."

பெரும்பாக்கத்தில் அந்தப் பாடத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்களாம். பீச்சாங்கை என்றதும் எட்டு மாடிக்கும் சிரிப்பு கேட்டதாம். விட்டுப் போனவர்கள் திரும்ப வந்தார்கள் என்று டீச்சர் சொன்னார்.

6

கற்றது சுலபம். கற்றதைத் திருப்புவதுதான் கஷ்டம். நாலு மாதம் ஒரு பக்கம் நடந்த கை, மறுபக்கம் போக மறுத்தது. மீதி நாட்களெல்லாம் மேசையில் இடது கையை விரித்து வைத்து, அதன் ஓரத்திலிருந்து வரியைத் தொடங்கிப் பழகினேன்.

பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு வடநாட்டுப் பெண் எங்களைக் கூப்பிட்டாள். பழையதில் ரேகை, புதியதில் கையெழுத்தா, ஏன் என்று கேட்டாள். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றாள். அப்போது தெரியாது, இப்போது தெரியும் என்று சொல்லச் சொன்னேன். செல்வம் அதையே சுற்றி வளைத்து இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தான். பிறகு பாரத்தை என் பக்கம் தள்ளி ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள். கட்டத்தின் கோட்டைத் தொடக்கூடாதாம்.

பேனாவை எடுத்தேன். வாய்க்குள் இறங்கு, நட, ஏறு என்று சொல்லிக்கொண்டேன். போட்டு முடித்து நிமிர்ந்தால், செல்வம் பாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கை பழைய பக்கமே போயிருந்தது. கட்டத்துக்குள் என் பெயர் முழுசாகத் திரும்பிக்கொண்டு நின்றது.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பாரத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் சொன்னதைச் செல்வம் மெதுவாகச் சொன்னான்: "சரியாத்தான் இருக்காம். இனிமே எங்க போட்டாலும் இதே மாதிரி போடணுமாம்." பிறகு என் காதோரம், "இங்க யாருக்கும் தெரியாதும்மா. போயிடலாம்."

"எனக்குத் தெரியும்டா. வேற பாரம் கேளு."

வேறு பாரம் என்றால் புதிதாக அச்செடுக்க வேண்டும், மறுபடி நம்பர் வாங்கி வரிசையில் உட்கார வேண்டும். செல்வம் அன்று வேலைக்கு அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். போனை எடுத்து முழு நாள் லீவு சொன்னான்.

மத்தியானம் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். இடது கையைக் கட்டத்தின் பக்கத்தில் அழுத்தி வைத்தேன். அங்கிருந்து புறப்பட்டேன். ப. ட், ட. ம், மா. கடைசிக் கால் கோட்டைத் தொடாமல் நின்றது.

பேனாவை வைத்ததும், பழக்கத்தில் பெருவிரல் தலைமுடிக்குப் போனது. துடைக்க மை இல்லை.

7

மல்லிகா போட்டோ அனுப்பியிருக்கிறாள். நீலக் குடத்தில் வெள்ளைப் பெயிண்டில் மல்லிகா என்று இருக்கிறது. 'கா'வின் கால் வழிந்து குடத்தின் அடிவரைக்கும் போயிருக்கிறது. "இப்போ எவளும் தொடறதில்லக்கா," என்று கூடவே குரல்.

பழைய எழுத்தையும் நான் விட்டுவிடவில்லை. பனி விழும் காலைகளில், இட்லி வெந்ததும், புகைக் கண்ணாடியில் 'வாடா' என்று திருப்பி எழுதுகிறேன். வெளியே துடைப்பத்தோடு நிற்கிறவனுக்கு அது நேராகத் தெரியும். நிமிர்ந்து படித்துவிட்டு உள்ளே வருவான். சில நாள் நிலாவும் அவன் பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது தெரியும்.

போன வாரம் புதுப் பாஸ்போர்ட் வாங்கக் கிளம்பினோம். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வெளியே வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நிலா அதில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பக்கத்தில் நின்று, காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமிருந்து திருப்பி எழுதியதால் எனக்கு நேராக வந்தது.

பா. ட். டி.

'டி'யின் கொக்கி மட்டும் பீச் பக்கம் போய்விட்டது. நான் திருத்தவில்லை. வெயில் பட்டு அது கரையும் வரைக்கும் கிளம்ப வேண்டாம் என்று செல்வத்திடம் சொன்னேன்.